பஞ்சிகாவத்தைப் பைப்பும் காலி வீதி வெக்கையும்: இன்டேக் மாத்தின அனுபவங்கள்

வெள்ளவத்தை எஃப்டி:

என்ர கார் 2008 ஹொண்டா சிவிக் எஃப்டி1. 1.8 லீட்டர் ஆர்18 எஞ்சின், ஒட்டோ கியர். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதோட எங்கட வீட்டில புதுக் கார் எண்ட கதை முடிஞ்சுது. 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்தவங்கள் எண்டு போய் விலை கேட்டன், கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தன். சரி, உள்ள காரையாவது கொஞ்சம் உசுப்புவம் எண்டு தொடங்கினதுதான் இந்த இன்டேக் விசர், எஞ்சினுக்குக் காத்து எடுக்கிற பைப்பையும் ஃபில்டரையும் மாத்துறது.

ஒரு சனிக்கிழமை மச்சானைக் கூட்டிக்கொண்டு கொழும்பில பார்ட்ஸ் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனன். போனாக்களுக்குத் தெரியும், பொனட் எல்லாம் தோரணம் மாதிரித் தொங்கும், நடைபாதையில கியர் பொக்ஸ் குவிஞ்சு கிடக்கும், நாங்கள் வாய் திறக்க முன்னமே நாலு பேர் "மாத்தயா, என்ன வேணும்?" எண்டு சுத்தி நிப்பினம். நாலாவது கடையில கிடைச்சுது. பெட்டியில ஒரு ஜப்பான் பேர், உள்ளுக்கு இருந்த பைப்பில வேற பேர். அப்பவே திரும்பியிருக்க வேணும். "10 குதிரை கூடும், லீட்டருக்கு 2 கிலோமீட்டரும் கூடும்" எண்டார் கடைக்காரர். 28,000 சொன்னதை 22,000க்கு முடிச்சம். பேரம் பேசி வெண்ட சந்தோசத்தில மற்றதொண்டும் கண்ணில படேல்ல.

அடுத்த நாள் காலமை வீட்டு ஒழுங்கையிலயே வேலை. பம்பரைக் கழட்டினாத்தான் கீழ்ப் பைப் போகும். 17 வருசப் பிளாஸ்டிக் கிளிப் எல்லாம் கை வைச்சவுடன முறுக்கு மாதிரி நொறுங்கிச்சுது. 10ம் நம்பர் போல்ட் ஒண்டு உள்ளுக்கு எங்கயோ விழுந்தது, இன்னும் அங்கதான் கிடக்குது. பம்பர் கழண்டாப் பிறகு ஒண்டைப் பாத்தன், அதை முதலே பாத்திருந்தா 22,000 மிச்சம். ஃபில்டர் இருக்கிற கொம்பனி எயார் பொக்ஸின்ர மூக்கு எஞ்சினுக்குப் பக்கத்தில இல்லை, முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிக்குது. வெளிக்காத்தைத்தான் அது எடுக்குது. ஹொண்டாக்காரன் 2006லயே போட்டுத் தந்த கோல்ட் எயார் இன்டேக்கைக் கழட்டி வைச்சிட்டு நான் காசு குடுத்து இன்னொண்டைப் பூட்டிக்கொண்டிருக்கிறன். மச்சானுக்கு இதைச் சொல்லேல்ல, அவன் சிரிப்பான்.

பூட்டி முடிய மதியம் ரெண்டு மணி. மரீன் டிரைவ்ல ஒரு ஓட்டம். சத்தம் எண்டா சத்தம்! எஞ்சின் நிமிசத்துக்கு 3,500 சுத்துத் தாண்ட முன்னுக்கு இருந்து ஒரு உறுமல். கார் பறக்குது எண்டு சத்தியம் பண்ணியிருப்பன். காது சொல்லுறதைக் கால் நம்பிப்போடும், அதுதான் இதில உள்ள மாயம்.

மூண்டாம் நாள் செக் எஞ்சின் லைட். கிருலப்பனையில எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பாஸ் ஸ்கேன் பண்ணினார், பி0171 எண்டு கோட் வந்துது. எஞ்சினுக்குக் காத்துக் கூட, பெட்ரோல் குறைய எண்டு அர்த்தம். ஃபியூல் ட்ரிம், அதாவது அதைச் சரிக்கட்டக் கம்பியூட்டர் கூட்டிக் குடுக்கிற பெட்ரோல் வீதம், ரெண்டையும் கூட்டினா 30க்கு மேல நிக்குது. பாஸ் எஞ்சினை மிதிக்காம ஐடிலில விட்டிட்டு ஒவ்வொரு மூட்டிலயும் கொஞ்சம் கொஞ்சமா கார்ப் கிளீனர் அடிச்சுக்கொண்டு வந்தார். காத்தைத் திறந்து மூடுற த்ரொட்டில் பொடிக்குக் கிட்ட உள்ள சிலிக்கன் ஹோஸில பட்டவுடன ஐடில் மாறிச்சுது. நான் கிளிப்பைச் சரிச்சு இறுக்கியிருந்தன். காத்தை அளக்கிற மாஃப் சென்சருக்குப் பிறகு அந்த இடைவெளியால பூந்த காத்து கணக்கிலயே வரேல்ல.

அதைத் திருத்தியும் ட்ரிம் முழுசா இறங்கேல்ல, 14லயே நிண்டுது. காரணத்தைப் பாஸ் ஒரு பேப்பரில கீறிக் காட்டினார். எஃப்டியில மாஃப் சென்சர் குழாய்க்குள்ள ஒரு இடத்தில போற காத்தின்ர வேகத்தை மட்டும்தான் பாக்குது. குழாயின்ர அகலம் இவ்வளவு எண்டு கம்பியூட்டர் ஏற்கெனவே வைச்சிருக்கிற கணக்கோட அதைச் சேத்துத்தான் முழுக் காத்தும் எவ்வளவு எண்டு முடிவு பண்ணும். 60 மில்லிமீட்டர்க் குழாயை 66 ஆக்கினா பரப்பு 21 வீதம் கூடிப்போகும். அதே காத்து மெதுவாப் போகும், சென்சர் குறையச் சொல்லும், பெட்ரோலும் குறையப் போகும். நல்ல கிட் செய்யிறவன் சென்சர் இருக்கிற துண்டை அளவுக்குச் செய்வான். என்ர பைப்புக்கு அந்தக் கவலை இருக்கேல்ல.

பிறகு ஒக்டோபர் மழை. பின்னேரம் அஞ்சு மணிக்கு இடியோட கொட்டத் தொடங்கி, ஹை லெவல் ரோட்டில கிருலப்பனைப் பக்கம் அரைச் சில்லுக்குத் தண்ணி. என்ர ஃபில்டர் பம்பருக்குப் பின்னால, நிலத்தில இருந்து ஒரு சாண் உயரத்தில தொங்குது. அந்த நேரம்தான் அது மண்டையில பட்டுது. பக்கத்தால 138 பஸ் ஒண்டு போக, எழும்பின அலை பொனட்டில அடிச்சுது. எஞ்சினை நிப்பாட்டிறதா ஓடுறதா எண்டு தெரியாமக் கை நடுங்க, மெதுவா ஒரு பெட்ரோல் செட்டுக்குள்ள ஏத்திப்போட்டன். காலமை பம்பரைக் கழட்டிப் பாத்தா ஃபில்டரின்ர அடிப்பாதி நனைஞ்சு, ஒரு டொஃபிப் பேப்பர் ஒட்டிக்கொண்டு கிடக்குது.

அதோட கீழ்ப் பைப்பைக் கழட்டினன். ஃபில்டரைப் பொனட்டுக்குள்ளயே வைச்சு ஓடினன், ஷோர்ட் ராம் எண்டு சொல்லுறது. இப்ப மழைப் பயம் இல்லை, வெக்கை வந்துது. எஞ்சின் கம்பியூட்டரை வாசிக்கிற சின்ன ஓபிடி டொங்கிள் ஒண்டு போட்டு, உள்ள போற காத்தின்ர சூட்டைப் ஃபோனில பாத்துக்கொண்டே பம்பலப்பிட்டியில இருந்து வெள்ளவத்தைக்கு வந்தன். பின்னேர நெரிசல், வெளியில 31 பாகை, உள்ள 63. அதே ரோட்டில, அதே நேரத்தில, கொம்பனிப் பொக்ஸோட வேறொரு நாள் பாத்தது 40. 10 பாகை கூடினா காத்தின்ர அடர்த்தி ஏறக்குறைய 3 வீதம் இறங்கும். 23 பாகைக்கு 7 வீதம். 10 குதிரை கூடும் எண்டு வாங்கினது, நெரிசலுக்கால வெளியில வந்து மிதிக்கிற நேரம் உள்ளதையும் குறைக்குது. அலுமினியப் பைப்பில கை வைச்சுப் பாத்தன், தோசைக்கல்லு. மரீன் டிரைவ்ல ஓட ஓட 44க்கு இறங்கிச்சுது, அதுக்கே பத்து நிமிசம் வேணும்.

இப்ப கொம்பனிப் பொக்ஸ் திரும்பவும் பூட்டியாச்சு, உள்ளுக்கு நல்ல ஃபில்டர் ஒண்டு மட்டும். ட்ரிம் 3ல நிக்குது. சத்தம்தான் இல்லை. அது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது, பொய் சொல்லேல்ல.

தெஹிவளை 121:

தம்பி, நீர் தப்பிட்டீர். நான் தப்பேல்ல.

கொரொல்லா 121, 1.5. எயார் பொக்ஸ் எஞ்சினுக்கு மேல, எவ்வளவு உயரத்தில இருந்தது! அதைக் கழட்டி எறிஞ்சு போட்டு, நீட்டுப் பைப் போட்டு ஃபில்டரைக் கீழ இறக்கினது இந்த மடையன்தான். 2016 மே வெள்ளம் ஞாபகம் இருக்கும், களனி பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி. அக்கா வீட்டுச் சாமான் ஏத்தப் போனன். தண்ணி முழங்காலுக்கும் இல்லை, போகலாம் எண்டு நினைச்சன். ஒரு இருமல், கார் நிண்டுது. அந்த இடத்திலயே விட்டிருக்க வேணும். நான் என்ன செய்தன்? திரும்ப ஸ்டார்ட் அடிச்சன். "டொக்" எண்டு ஒரு சத்தம், இப்பவும் காதில நிக்குது.

கராஜில கழட்டினா பிஸ்டனைத் தாங்கிற கொனெக்டிங் ரொட் ஒண்டு வளைஞ்சு கிடக்குது. காத்தை அமத்தலாம், தண்ணியை அமத்தேலாது. அந்த எஞ்சினில பிஸ்டன் மேல வந்து நிக்கிற நேரம் ஒரு சிலிண்டரில மிஞ்சுற இடம் 40 மில்லியும் இல்லை. 1,497 சிசியை நாலாப் பிரிச்சு, 10.5 கொம்ப்ரஷனுக்குக் கணக்குப் போட்டுப் பாரும். ஒரு தேத்தண்ணிக் கப்பில கால்வாசி. அவ்வளவு தண்ணி போதும் எஞ்சினுக்கு.

இன்சூரன்சில இருந்து வந்தவர் நிறையப் படம் எடுத்தார். பிறகு வந்த கடிதத்தில, வாகனத்தில செய்த மாற்றத்தை அறிவிக்கேல்ல எண்டு ஒரே ஒரு வரி. கடைசியில பழைய எஞ்சின் ஒண்டு பஞ்சிகாவத்தையில இருந்தே வந்து ஏறிச்சுது.

தெமட்டகொட நானா:

நம்ம பஞ்சிகாவத்தையில இருபது வருசமா பார்ட்ஸ் கடையில நிக்கிற ஆள். நீங்க செல்ற கதையெல்லாம் சரிதான், ஆனா கடைக்காரனுக்கு மட்டும் ஏசாதீங்க. வாற பொடியன்மார் மொதல்ல கேக்குறது "சத்தம் நல்லா ஈக்குதா?" எண்டுதான். மாஃப் துண்டுட உள்ளளவ கேட்ட ஒருத்தன நான் இன்னும் காணல்ல.

வாங்குறதெண்டா இதப் பாருங்க. பழைய பைப்ப கையில கொண்டு வாங்க, வேர்னியர வெச்சு சென்சர் இடத்த அளந்து பாக்கலாம். ஃபில்டர்ட ரப்பர் வாய அமத்திப் பாருங்க, கல்லு மாதிரி ஈந்தா வெக்கைக்கு வெடிக்கும். அமெரிக்கா ஒரிஜினல்ல நெறையத்துக்கு கலிஃபோர்னியாவுல காத்து மாசப் பாக்குற எயார் ரிசோர்சஸ் போர்ட் குடுத்த நம்பரோட ஒரு ஸ்டிக்கர் வரும், ஏனெண்டா அந்த அனுமதி இல்லாம அங்க ரோட்டுல ஓடேலாது. கொப்பி அடிக்கிறவன் சில நேரம் அந்த ஸ்டிக்கரயும் கொப்பி அடிப்பான், அது வேற கத.

கே அண்ட் என் மாதிரி ஒயில் போடுற பஞ்சு ஃபில்டர் எடுத்தா, கழுவினப் பொறகு ஒயில ஊத்தாதீங்க, தொட்டு வைங்க. கூடினா மாஃப் கம்பியில போய் ஒட்டும், பொறகு ஐடில் ஆடும். அதுக்கெண்டு மாஃப் கிளீனர் ஈக்கி, அதால மட்டும் கழுவுங்க. ஒரு கஸ்டமர் பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷால தேச்சு கம்பிய ஒடச்சிட்டு வந்தாரு. சென்சர் வெலயக் கேட்டுட்டு கடையிலயே ஒக்காந்துட்டாரு பாவம்.

தண்ணிக்கு பைபாஸ் வால்வ் எண்டு ஒரு சாமானும் ஈக்கி, பைப்புக்கு நடுவுல போடுறது. கீழ தண்ணி அடச்சா மேலால காத்து எடுக்கும். நல்லதுதான். ஆனா அதுவே தண்ணியில முங்கினா அதால ஒண்டும் ஏலாது.

ஈகே3 பழசு:

எல்லாரும் அழுகிறீர்கள், ஒரு சந்தோசக் கதையும் வரட்டும். 1998 ஹொண்டா சிவிக் ஈகே3, டி15பி எஞ்சின். இதில் மாஃப் சென்சரே இல்லை, மேனிஃபோல்டுக்குள் இருக்கிற அமுக்கத்தை வைத்துத்தான் கணக்கு. பைப் 60ஆ 66ஆ என்று அதற்குக் கவலை கிடையாது. பெட்டியில்லாத பொட் ஃபில்டர் போட்டு ஆறு வருடம், ஒரு லைட் எரிந்ததில்லை. எஞ்சின் பக்கத்தை மறைத்து அலுமினியத் தகட்டில் ஒரு தடுப்பு, கொட்டாவையில் ஒரு தகரக்காரர் வளைத்துத் தந்தது.

நெரிசலில் எனக்கும் கொதிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, 100இல் பத்து நிமிடம் போனபின் பாருங்கள், வெளிச்சூட்டுக்கும் உள்சூட்டுக்கும் 5 பாகைதான் வித்தியாசம். விடெக் (சுற்று கூடும்போது வால்வை அகலத் திறக்கும் ஹொண்டா ஏற்பாடு) திறக்கிற இடத்தில் வரும் அந்தச் சத்தத்துக்காகவே காலிக்குப் போய் ஒரு பிளேன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. வேகம் கூடியதா என்று கேட்காதீர்கள். நான் அளக்கவில்லை, அளக்கவும் மாட்டேன்.

கொட்டாஞ்சேனை விட்ஸ்:

நான் கார் பைத்தியம் இல்லைங்க, எங்க அண்ணாதான். 2022ல ஜூன் கடைசியில 92 ஒக்டேன் 470 ரூபா ஆச்சு, பிறகு கியூஆர் கோட் பங்கீடு வந்து வாரத்துக்கு 20 லீட்டர்தான். அப்பதான் அண்ணா வந்து "தங்கச்சி, காத்து நல்லா போனா பெட்ரோல் குறையும்"னு சொல்லி என் விட்ஸ் காருக்கு ஒரு சிவப்பு மஷ்ரூம் ஃபில்டரை மாட்டி விட்டாரு.

நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். சும்மா விடுவேனா? ஒவ்வொரு முறையும் டேங்கை ஃபுல்லா அடிச்சு கொப்பியில எழுதினேன். முன்னுக்கு ஆறு வாரம் லீட்டருக்கு 13.2, பின்னுக்கு ஆறு வாரம் 13.0. அண்ணா கொப்பியைப் பார்த்துட்டு "நீ ஏசி போட்டிருப்ப"ன்னாரு.

பிறகு தேடிப் படிச்சதுல, அமெரிக்காவில ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் 2009ல அழுக்கு ஃபில்டரையே வச்சு சோதிச்சுப் பார்த்திருக்காங்க. இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்ல ஃபில்டர் அடைச்சிருந்தாலும் எரிபொருள் செலவு பெருசா மாறல, பிக்கப் மட்டும்தான் குறைஞ்சது. யோசிச்சா சரிதானே, நம்ம மெதுவா போறப்ப த்ரொட்டிலே காத்தை முக்கால்வாசி மூடித்தான் வச்சிருக்கு. அதுக்கு முன்னால வாசலை எவ்வளவு அகலமா திறந்தா என்ன?

எமிஷன் டெஸ்ட்ல பிரச்சினை வரும்னு பயந்தேன், அதுல பாஸ். ஐடில்லயும் 2,500லயும் புகையைத்தான் பார்த்தாங்க, பொனட்டுக்குள்ள சிவப்பா இருந்ததைப் பத்தி ஒருத்தரும் கேட்கல. சத்தம்தான் தாங்கல. காலையில ஆறு மணிக்கு ஒழுங்கையை விட்டு வெளியேறினா பக்கத்து வீட்டு ஆன்டி ஜன்னலைத் திறந்து பார்ப்பாங்க. கழட்டிட்டேன்.

வெள்ளவத்தை எஃப்டி:

121 அண்ணை, அந்த 40 மில்லிக் கணக்கை வாசிச்சிட்டு என்ர எஞ்சினுக்கும் போட்டுப் பாத்தன். 1,799 சிசி, கொம்ப்ரஷன் 10.5. 47 மில்லி வருது. அந்த 138 பஸ் அலையை நினைச்சா இப்ப வயித்தைக் கலக்குது.

நானா, பழைய பைப்பைக் கொண்டு வாற கதையை நீங்கள் முதலே எனக்குச் சொல்லியிருக்கலாம். நாலாவது கடை உங்கட கடை இல்லைத்தானே?

தெமட்டகொட நானா:

எங்கட கடை ரெண்டாவது. நீங்க வெலயக் கேட்டுட்டு போயிட்டீங்க.

ஈகே3 பழசு:

அந்தப் பைப்பை என்ன செய்தீர்கள்? கீழ்த் துண்டு வேண்டாம், மேல்த் துண்டு மட்டும் கொடுப்பதென்றால் நான் எடுக்கிறேன். எனக்குத்தான் மாஃப் இல்லையே.

வெள்ளவத்தை எஃப்டி:

ஞாயிறு வாங்கோ, 5,000க்குத் தாறன். சிலிக்கன் ஹோஸும் வரும், கிளிப் ஒண்டு மட்டும் இல்லை. வாற நேரம் 10ம் நம்பர் போல்ட் ஒண்டு கொண்டு வாங்கோ.