வீட்டுப் பட்டறையில் நீராவி இஞ்சின்: செம்புப் பொயிலரை எதால் ஒட்டுவது?

கல்லடிக் கொட்டில்:

வணக்கம். கல்லடியில் வீட்டு வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு, பழைய லேத் ஒன்றை வைத்து மூன்று வருடமாக ஒரு நீராவி இஞ்சின் செய்துகொண்டு வருகிறேன். மூன்றரை அங்குல கேஜ் (தண்டவாள அகலம்), நாலு சில்லு, கரியில் எரிந்து ஒரு ஆளை இருத்தி இழுக்கக்கூடிய அளவு. சேசிஸ் முடிந்துவிட்டது. இரண்டு பக்கத்துக் கிராங்க் பின்களும் சரியாக 90 பாகை விலகி நிற்கவேண்டும் என்பதற்காகச் சில்லுகளை மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன், இப்போது கொம்பிரசர் காற்றுக் கொடுத்தால் 15 பிஎஸ்ஐயிலேயே (சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தம்) முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றுகிறது. அப்பா கதிரையைக் கொட்டில் வாசலில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பு ஸ்டேசனுக்குக் கரிக்கோச்சி வந்த காலத்தில் பள்ளிக்கூடம் போனவர் அவர். அவர் இருக்கும்போதே இதை நீராவியில் ஓட்டிக் காட்டவேண்டும், அதுதான் அவசரம்.

பிரச்சினை பொயிலர். பிளானில் 2.5 மி.மீ. செம்புத் தகடு, 80 பிஎஸ்ஐ, எல்லா மூட்டும் வெள்ளிப் பற்றாசு (உருக்கி ஒட்டுகிற வெள்ளிக் கலவை) என்று இருக்கிறது. இங்கே விசாரித்தால் ஆளுக்கொரு கதை. ரேடியேட்டர் திருத்துகிறவர் ஈயம் தாராளம் என்கிறார். ஏசி மெக்கானிக் தன்னுடைய குச்சியால் ப்ளக்ஸ் (சூட்டில் மூட்டைச் சுத்தமாக வைத்துப் பற்றாசை ஓடவைக்கிற சாமான்) கூட இல்லாமல் ஒட்டலாம் என்கிறார். நகை வேலை செய்கிற மாமா வெண்காரமும் தன்னுடைய பற்றுப் பொடியும் போதும் என்கிறார். வெல்டிங் கடைக்காரர், செம்பை விடு, இரும்பில் அடித்துத் தருகிறேன் என்கிறார். டவுனில் ஒரு கடையில் வெள்ளிக் குச்சி என்று சொல்லித் தந்ததை வாங்கி வந்து பார்த்தால் வெள்ளி 5 வீதம்தான், மீதி செம்பும் பொஸ்பரசும். சோதனைத் துண்டு இரண்டை ஒட்டினேன், நன்றாகத்தான் பிடித்தது. யார் சொல்வதைக் கேட்பது?

பழைய பிட்டர்:

தம்பி, வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் பொயிலர் பக்கம் நின்றவன் நான். உங்களுடையது சின்னது, ஆனால் உள்ளே நடக்கிற விசயம் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஈயம் வேண்டாம். 80 பிஎஸ்ஐயில் தண்ணீர் கொதிக்கிறது கிட்டத்தட்ட 162 பாகையில். ரேடியேட்டர்காரர் பாவிக்கிற ஈயப்பற்று உருகத் தொடங்குவதே 183 பாகையில், 162இல் அது ஏற்கனவே பலம் இழந்து இளகின நிலை. தண்ணீர் மட்டம் ஒரு நிமிடம் இறங்கி நெருப்புப்பெட்டியின் (பொயிலருக்குள் கரி எரிகிற அறை) கூரை வெளியே தெரிந்தால் மூட்டு அப்படியே வடிந்துவிடும். அந்தக் கூரை 3க்கு 4 அங்குலம் என்று வையுங்கள், 12 சதுர அங்குலம், தரம் 80, 960 இறாத்தல். தயிருக்கு வளர்க்கிற எருமை ஒன்றைக் கொண்டுவந்து அந்தச் சின்னத் தகட்டின்மேல் நிற்பாட்டினால் எவ்வளவு பாரமோ அவ்வளவு. தட்டையான இடமெல்லாம் ஸ்டே (தகடு உப்பாமல் பிடிக்கிற கம்பி) போட்டு இழுத்துக் கட்டுவது இதற்காகத்தான். பிளானில் உள்ள ஸ்டே ஒன்றைக்கூடக் குறைக்கவேண்டாம்.

இன்னொன்று. அந்த அழுத்தத்தில் ஒரு லீட்டர் தண்ணீர் இருக்கும்போது பொயிலர் பிளந்தால், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த நொடியிலேயே ஆவியாகும், அதுவே 150 லீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். பக்கத்தில் இருப்பது நீங்களும் அப்பாவும்.

ஏசிக்காரரின் குச்சியை நான் குறை சொல்லமாட்டேன், குளிரூட்டிக் குழாய்க்கு அது சரியான சாமான். செம்பும் செம்பும் என்றால் அதிலுள்ள பொஸ்பரசே ப்ளக்ஸ் வேலையைச் செய்யும், அதனால்தான் உங்கள் துண்டு நன்றாகப் பிடித்தது. ஆனால் கரிப்புகையில் கந்தகம் இருக்கிறது, அது சூட்டில் பொஸ்பரஸ் மூட்டை மெல்ல மெல்லத் தின்னும். தின்கிற இடம் நெருப்புப்பெட்டிக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாது. இரும்புச் சாமான் எதையும் அந்தக் குச்சியால் ஒட்டினால் மூட்டு பிஸ்கட் மாதிரி உடையும்.

ஏறாவூர் வெல்டர்:

இரும்புப் பொயிலரை ஏன் ஒரேயடியாகத் தள்ளுகிறீர்கள்? பெரிய இஞ்சின்களில் இரும்பு ஓடவில்லையா? முறையாகப் பழகின கையால் வெல்டிங் பிடித்தால் செம்பை விட வலு, காசும் குறைவு. செம்புத் தகட்டை கொழும்பிலிருந்து எடுப்பிக்கிற செலவுக்கு இரும்பில் இரண்டு செய்யலாம்.

பழைய பிட்டர்:

நீங்கள் சொல்வது 5 அங்குல கேஜுக்கும் அதற்கு மேலும் சரி, நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். இவருடையதற்கு உள்ளே இடமில்லை. இரும்பு என்றால் கறள் தின்பதற்கென்று தகட்டைக் கூடுதல் தடிப்பாக வைக்கவேண்டும், அந்தத் தடிப்பு தண்ணீருக்கு உரிய இடத்தைப் பிடிக்கும். அதோடு இது கல்லடி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, ஜன்னல் கம்பியே எத்தனை வருடம் நிற்கிறது? மாதத்தில் ஒருநாள் ஓட்டி மீதி நாள் சும்மா கிடக்கிற பொயிலருக்கு இங்கே செம்புதான்.

நகைப்பட்டறை:

அண்ணா, உங்கள் மாமாவின் முறையில்தான் நாங்களும் பரம்பரையாக வேலை செய்கிறோம், அதனால் இதை அன்போடு சொல்கிறேன். வெண்காரம் முழுதாக உருகி வேலை செய்ய 740 பாகைக்கு மேல் வேண்டும். நீங்கள் எடுக்கவேண்டிய 55 வீத வெள்ளிப் பற்றாசு 650 பாகை அளவிலேயே ஓடத் தொடங்கும். வெண்காரம் விழிக்க முதல் பற்றாசு ஓடி, செம்பின்மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். அதற்கென்று விற்கிற குறைந்த சூட்டுப் ப்ளக்ஸ் வாங்குங்கள், அதன் புகை நல்லதில்லை, கொட்டிலுக்கு வெளியே வைத்து வேலை செய்யுங்கள். பற்றாசு வாங்கும்போது கட்மியம் இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள், பழைய இருப்பில் கட்மியம் கலந்த குச்சி இன்னும் கிடைக்கிறது, அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு.

அடுத்தது சூடு. எங்கள் ஊதுகுழல் மோதிரத்துக்குக் காணும். செம்பு சூட்டை உருக்கை விட ஏழெட்டு மடங்கு வேகமாக இழுத்துக்கொண்டு போகும், ஒரு மூலையைச் சூடாக்கினால் முழுப் பொயிலரும் அதைக் குடித்துவிடும். சூளைக் கல்லால் மூன்று பக்கமும் கட்டி, அடியில் சிரட்டைக்கரி மூட்டி முழுதையும் சூடேற்றி வைத்துக்கொண்டு, மேலே பெரிய காஸ் டோர்ச்சால் அடியுங்கள். இரண்டு பேர் இரண்டு டோர்ச் பிடித்தால் இன்னும் நல்லது. சுவாலையால் பற்றாசை உருக்கக் கூடாது, தகட்டின் சூடுதான் அதை உருக்கி இடுக்குக்குள் இழுக்கவேண்டும். இடுக்கு 0.1 மி.மீ. அளவு இருந்தால் போதும், தகட்டு விளிம்பில் சென்டர் பஞ்ச் உளியால் சில புள்ளி குத்தினால் அந்த இடைவெளி தானாக நிற்கும்.

ஒவ்வொரு மூட்டுக்குப் பிறகும் ஆறவிட்டு சிற்றிக் அமிலத்தில் ஊறவையுங்கள். வீட்டில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கிறதே, அதே கதைதான். பற்றறி அசிட் பாவித்தால் தண்ணீருக்குள் அசிட்டை ஊற்றவேண்டும், மாறி ஊற்றவேண்டாம்.

வால்வ், குழாய் பூட்டுகிற இடங்களுக்குப் பித்தளைப் புஷ் (திருகு வளையம்) போட நினைத்தால் அதையும் மாற்றுங்கள், நாளடைவில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெறும் பஞ்சு மாதிரி ஆகிவிடும். வெண்கலம் போடுங்கள்.

கல்லடிக் கொட்டில்:

எல்லோருக்கும் நன்றி. பித்தளைப் புஷ் நாலு கடைந்து வைத்திருந்தேன், தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டேன். கொழும்பில் 55 வீதக் குச்சிக்கும் ப்ளக்ஸுக்கும் சொல்லியாயிற்று. விலையைக் கேட்டு மனிசி ஒன்றும் சொல்லவில்லை, அப்பா பென்சன் காசில் பாதி தருகிறேன் என்று நிற்கிறார்.

பழைய பிட்டர் ஐயா, சோதிக்கிறது எப்படி? இங்கே யாரிடம் கொண்டுபோவது என்று தெரியவில்லை. சிரட்டைக்கரியிலேயே ஓட்டலாமா?

பழைய பிட்டர்:

காற்றால் சோதிக்கவே வேண்டாம். காற்று சுருங்கி நிற்கும், மூட்டு விட்டால் குண்டு மாதிரி வெடிக்கும். தண்ணீர் சுருங்காது, விட்டால் ஒரு சொட்டு வரும், அவ்வளவுதான். காற்று ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, இஞ்சினுக்கென்று செய்த கைப்பம்பாலேயே 160 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றி அரை மணித்தியாலம் நிறுத்துங்கள். வேலை அழுத்தத்தின் இரண்டு மடங்கு அது. நம்பகமான வேறொரு அளவுமானியோடு ஒப்பிட்டு உங்கள் அளவுமானி சரியா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். தகடு எங்காவது உப்புகிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள். பிறகு நெருப்பு மூட்டி, புளோவரை (புகைக்குழாயில் ஆவி பீச்சி நெருப்புக்கு இழுவை கொடுக்கிற குழாய்) முழுதாகத் திறந்து, சேப்டி வால்வ் அழுத்தத்தை 88க்கு மேல் விடாமல் பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிடிக்காவிட்டால் வால்வ் சின்னது, பெரிதாகச் செய்யுங்கள்.

சிரட்டைக்கரியில் ஓடும். இலேசானது, புகைக்குழாயால் பொறி பறக்கும், அடிக்கடி போடவேண்டிவரும். மூட்டும்போது மண்ணெண்ணெயில் நனைத்த கரியைப் போட்டு, புகைக்கூண்டின் மேல் ஒரு சின்ன மின்விசிறியால் இழுவை கொடுங்கள், இஞ்சினுக்குச் சொந்த ஆவி வரும்வரை இழுவை இருக்காது.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றவேண்டாம், உங்கள் பக்கத்துக் கிணறு உவர். நுரைத்து சிலிண்டருக்குள் தண்ணீராக வரும், உள்ளே உப்பும் படியும். மாரி வருகிறது, கூரைத் தண்ணீரை முதல் மழை போகவிட்டுப் பிடித்து வடித்து வையுங்கள். ஓட்டி முடிந்த அன்றே சிலிண்டருக்கு எண்ணெய் விடுங்கள்.

தண்ணீர்ச் சோதனை வைக்கிற நாளைச் சொல்லுங்கள், பஸ் ஏறி வருகிறேன். என்னிடம் பழைய அளவுமானி ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

கல்லடிக் கொட்டில்:

ஐயா, வாருங்கள். கல்லடிப் பாலம் தாண்டி இறங்கினால் அப்பாவே சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போவார். தகடு வளைக்கிற மரக்கட்டை நேற்று வெட்டினேன், இந்தக் கிழமை முதல் தகட்டைச் செந்தணலாக்கித் தண்ணீரில் போட்டு இளக்கி அடிக்கப் போகிறேன்.