வெர்மீர் நகல்: தோல் நிறம் சேறாகிறது, பின்னணி காயவில்லை

அண்ணாநகர்_வாசி:
வணக்கம். ஆயில் பெயின்ட்டில் முகம் வரையப் பழக, டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துக்காதணிப் பெண்’ ஓவியத்தை நகலெடுக்கிறேன். அசல் 44.5 × 39 செ.மீ. என்பதால் 18க்கு 16 அங்குல கேன்வாஸ், அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வரைவதற்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசியது. பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பில் அடிவண்ணம் காய்ந்தபின் முகத்தைத் தொடங்கினேன். கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் இடம் சேறாகிறது. ஐவரி பிளாக் என்ற கறுப்பில் பூசிய பின்னணி ஒரு வாரமாகியும் விரலில் ஒட்டுகிறது. நீலத் தலைத்துணியில் திட்டுத்திட்டாகப் பளபளப்பு போய்விட்டது. எல்லாம் ஐப்பசி மழையாலா?

தூரிகை_மயிலை:
சேற்றுக்கு மழை காரணமில்லை சார். நிழலுக்குள் வெள்ளை போகிறது. அந்தக் கால ஈய வெள்ளையைவிட டைட்டானியம் ஒயிட் மற்ற நிறங்களை வேகமாக விழுங்கும். கடுகளவு போதும், நிழல் சாம்பல் பூத்துவிடும்.

பிரஷைத் தொடும் முன்பே பேலட்டில் வெளிச்சத்திலிருந்து நிழல்வரை ஐந்து நிறப்படிகளைக் கலந்து வையுங்கள். வெளிச்சத்துக்கு இரண்டு: வெள்ளை, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), துளி கேட்மியம் ரெட். நிழலுக்கு இரண்டு: பர்ன்ட் அம்பர், ஓக்கர், கொஞ்சம் அலிசரின் (அடர்சிவப்பு), வெள்ளை கூடவே கூடாது. நடுப்படிக்கு வெளிச்சக் கலவையில் மிகச் சிறிது ஐவரி பிளாக். சிவப்புக்குப் பக்கத்தில் அது நீலச் சாம்பலாகத் தெரியும், கன்னத்தின் திருப்பமே அதில்தான் இருக்கிறது. படிக்கு ஒரு பிரஷ். படிகளை ஒட்டி ஒட்டி வைத்துவிட்டு, விளிம்பை உலர்ந்த மென்பிரஷால் ஒரே முறை நீவுங்கள். மறுபடி மறுபடி தடவினால் எல்லாம் ஒரே பழுப்பு.

அசலையும் உங்களுடையதையும் ஃபோனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்குத் தண்டுக்கும் அப்பாலுள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே இல்லை. நீங்கள் கோடு போட்டிருந்தால் முகம் தட்டையாகும். முத்தும் அப்படித்தான்: மேலே தடிமனான ஒரு வெள்ளைத் தொடுகை, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டியின் மங்கிய பிரதிபலிப்பு. கொக்கிகூடக் கிடையாது.

எழும்பூர்_ஸ்டுடியோ:
பின்னணிக்கு வருகிறேன். ஆயில் பெயின்ட்டில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) ஆயில் ஆவியாகிக் காய்வதில்லை, ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. ஈரக்காற்று அதைத் தாமதப்படுத்தும், ஆனால் இங்கே முக்கியக் காரணம் ஐவரி பிளாக். அது இயல்பிலேயே மெதுவாகக் காயும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் இறுகும். ஒட்டும் கறுப்பின்மேல் இப்போது பூசினால் மேல்படலம் முதலில் இறுகி, பிறகு வெடிக்கும். ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டுக் காத்திருங்கள். அடுத்த முறை பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து கறுப்பாக்குங்கள்.

சொல்லப்போனால் அந்தப் பின்னணி முதலில் வெறும் கறுப்பே இல்லை. அசல் இருக்கும் நெதர்லாந்து அருங்காட்சியகமான மௌரிட்ஷௌஸ் 2018இல் தொடங்கிய ஆய்வில், அது மடிப்புகள் கொண்ட பச்சைத் திரை என்று தெரிந்தது. கறுப்பு அடிவண்ணத்தின்மேல் இண்டிகோவும் மஞ்சள் தாவரச் சாயமும் கலந்து பூசிய பச்சை கிளேஸ் (அடியிலுள்ளது தெரியும் மெல்லிய பூச்சு), காலப்போக்கில் கெட்டுவிட்டது. நகலில் மெல்லிய பச்சை கிளேஸ் ஒன்று கொடுத்தால் ஆழம் வரும்.

தலைத்துணித் திட்டு, ஜெஸ்ஸோ எண்ணெயை உறிஞ்சியதால் வந்தது. டர்பன்டைன் அதிகம் ஊற்றினாலும் வரும். தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் லின்சீட் ஒரு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு கலந்து துணியில் தொட்டு மெலிதாகத் தேய்த்து, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள்.

தூரிகை_மயிலை:
அதோடு, ஹார்டுவேர் கடை என்சி தின்னரை வாங்கிவிடாதீர்கள், அடிவண்ணத்தையே கரைக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.