மறு: மைலேஜுக்குத் தமிழ் – ‘ஓட்டப்பாடு’

> ஓட்டப் பயிற்சியில் நாம் சொல்லும் மைலேஜைப் பயிற்சிக் கொள்ளளவு என்றே வைத்துக்கொள்ளலாமே, ஐயா?

தம்பி, கொள்ளளவு என்பது பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பது. நமக்கு வேண்டியது ஓடி முடித்த தூரத்தின் கூட்டுத்தொகை. மைலேஜ் என்றாலோ மண்டபம் ஊர்ப் பையன்களுக்கு பைக்தான் ஞாபகம் வருகிறது.

ஓட்டப்பாடு என்று சொல்லிப் பாருங்கள். பாம்பனிலும் தொண்டியிலும், வலையில் கிடைத்த மீனின் அளவைச் சொல்லும் மீன்பாடு எல்லோர் வாயிலும் இருக்கிற சொல், அதே அமைப்பு. வாரப்பாடு, மாதப்பாடு, ஆண்டுப்பாடு என்று வளரும். பாடுபட்டதும் அதற்குள் இருக்கிறது.

இதில் ஆண்டுப்பாடுதான் எனக்கு முக்கியம். முன்னணி மாரத்தான் வீரர்கள் வாரம் 160 முதல் 220 கி.மீ. வரை ஓடுகிறார்கள். பிள்ளைகள் இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் அந்த வீரர்களே தூரத்தைக் குறைப்பதும், ஓடி முடித்தபின் ஓய்வெடுப்பதும் கண்ணில் படுவதில்லை. அவ்வளவு கழித்தும் ஆண்டுக்கு 8,000 கி.மீ. தாண்டுகிறவர்கள் உண்டு, அது பல வருடத்தில் ஏறிய கணக்கு. வாரம் 50 ஓடும் நம் பையனுக்கு ஐப்பசி மழை, காய்ச்சல் என்று ஏழு வாரம் போனால் ஆண்டுப்பாடு 2,250. அதிலிருந்துதான் அவன் மெல்ல ஏறவேண்டும். ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கினால் கணைக்கால் எலும்பில் வலி வந்து நிற்கும்.

குறுகிய தூரம் ஓடுபவருக்கு இது வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் வீரர் பீட்டர் ஸ்னெல்லையே அடித்தளக் காலத்தில் (போட்டிகளுக்கு முன் தாங்குதிறனை வளர்க்கும் காலம்) வாரம் 160 கி.மீ. ஓடவைத்தார். 1960 ரோம், 1964 டோக்கியோ இரண்டிலும் ஸ்னெல் அந்த ஓட்டத்தில் தங்கம் வாங்கினார்.

பயிற்சிச்சுமை, அதாவது ஓட்டத்தில் உடல் படும் சிரமம், வேறு. அதைக் கலக்கவேண்டாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து, மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்றை எதிர்த்துத் திரும்பும் 9 கி.மீ.யும், காற்றில்லாத விடியலில் ஓடும் 9 கி.மீ.யும் ஒரே ஓட்டப்பாடு. சுமை ஒன்றல்ல.

*

ஐயா, ஒரு சந்தேகம். மீன்பாடு கடல் தருவது, ஓட்டம் நாம் தருவது. பொருள் இடிக்காதா?

ஆனாலும் ஆண்டுப்பாடு வாயில் நன்றாக வருகிறது. அடுத்த மாதப் பயிற்சிக் குறிப்பேட்டில் தலைப்பாகவே போட்டு, பையன்கள் தாமாகச் சொல்கிறார்களா என்று பார்க்கிறேன். சுமையைத் தனிக் கட்டமாக வைத்துவிடுகிறேன். அப்புறம், போட்டிக்கு முன் தூரம் குறைக்கும் நாட்களை நாங்கள் டேப்பர் என்றே சொல்லிவருகிறோம். ‘தணிப்பு வாரம்’ சரிவருமா?