புதுப்பிப்பு: 1969 கார்டினல்ஸ், முதல் பேஸ் முடிவாகிவிட்டது

பழைய பேஸ்பால் சீசனைத் திரும்ப ஆடிப் பார்க்கும் சிமுலேஷன் லீக்கில் நான் நடத்தும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் முதலில் தொடும் இடத்தில்) யாரைப் போடலாம் என்று போன பதிவில் கேட்டிருந்தேன். நிஜத்தில் நடந்தது போலவே அங்கே ஆடிவந்த செபேடாவைக் கொடுத்து ஜோ டோரியை வாங்கிவிட்டேன். 1968-இல் .248 சராசரியில் (நூறு வாய்ப்பில் சுமார் 25 ஹிட்) அடித்த செபேடாவை நம்பி இன்னொரு சீசனை ஓட்ட முடியாது.

இப்போது மனசெல்லாம் பந்து வீசும் பிட்ச்சர் பாப் கிப்சன் மேலேதான். 1968-இல் 1.12 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்த ரன்), 13 ஷட்அவுட் (எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசியது) என்று மிரட்டியவர். ஆனால் 1969-இல் பிட்ச்சர் நின்று வீசும் மேடு 15 அங்குலத்திலிருந்து 10-க்கு இறங்குகிறது, ஸ்ட்ரைக் ஸோனும் (அடிக்காமல் விட்டாலும் பந்து நல்ல வீச்சாகக் கணக்காகும் பகுதி) சுருங்குகிறது. எங்கள் லீக்கிலும் அதே விதிதான். ரன் கூடும், 1.12 திரும்ப வராது. 2.20-க்குள் நின்றாலே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்புறம், ரோஜர் மாரிஸ் ஓய்வு பெற்றதால் வலது பக்க வெளிக்களத்தில் வேடா பின்சன். 1968-இல் 62 பேஸ் திருடிய (பந்து அடிபடுவதற்கு முன்பே ஓடி அடுத்த பேஸைப் பிடித்த) லூ பிராக்தான் பேட்டிங்கில் முதலில் இறங்குவார். கிழக்குப் பிரிவில் சிகாகோ கப்ஸ் அணியைத்தான் தாண்ட வேண்டும்.