முழங்கால் சவ்வுக் கிழிவு: வெள்ளியங்கிரி ஏறியவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளியங்கிரி செல்லத் திட்டமிட்டிருந்த நிலையில், இறகுப்பந்து விளையாடும்போது பாதம் ஊன்றியபடியே உடல் திரும்பியதில், வலது முழங்காலின் உட்புறச் சவ்வு சற்றே கிழிந்திருப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியவந்தது. அறுவை சிகிச்சை தேவையில்லை என்றும், வீக்கம் வடிந்ததும் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தொடங்கலாம் என்றும் மருத்துவர் கூறியுள்ளார்; மலையேற்றம் பற்றிக் கேட்டதற்கு அவர் சிரித்ததையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

ஆகவே என் கேள்வி அடுத்த ஆண்டைப் பற்றியது. ஏழு மலைகளையும் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலில் சுமை கூடும் என்பதால், இதே காயத்திலிருந்து மீண்டு அங்கு சென்றவர்கள், எத்தனை மாதங்களுக்குப் பின் சென்றீர்கள், முன்னதாக மருதமலைப் படிகளைப் போன்ற எளிய ஏற்றங்களில் பழகினீர்களா, இறக்கத்தில் மூங்கில் தடியோடு முழங்கால் உறையும் உதவியதா என்பதைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.