யூனிட் டெஸ்டில் மட்டும் கனெக்ஷன் ஸ்ட்ரிங் கிடைப்பதில்லை

வணக்கம் நண்பர்களே. டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-இல் ஒரு வெப் அப்ளிகேஷன். டேட்டாபேஸ் வேலையெல்லாம் தனி கிளாஸ் லைப்ரரியில். கான்ஃபிகரேஷன் மேனேஜர் வழியாக வெப்.கான்ஃபிக்கிலிருந்து கனெக்ஷன் ஸ்ட்ரிங்கை (டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டு உள்ள வரி) அதுதான் எடுக்கிறது. பிரவுசரில் ஒரு குறையும் இல்லை. அதே லைப்ரரியை யூனிட் டெஸ்டிலிருந்து கூப்பிட்டால் நல் ரெஃபரன்ஸ் எரர். டீபக்கரில் கனெக்ஷன் ஸ்ட்ரிங் பட்டியலைப் பார்த்தால், கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவான மெஷின்.கான்ஃபிக்கில் முன்பே இருக்கும் லோக்கல் எஸ்க்யூஎல் சர்வர் மட்டும் தனியாக நிற்கிறது!

கான்ஃபிகரேஷன் மேனேஜர் ஓடுகிற ப்ராஜெக்டின் கான்ஃபிக் ஃபைலைத்தான் படிக்கும், சரி. டெஸ்டின் ஆப்.கான்ஃபிக்கில் நகல் போட்டால் வேலை முடியும். ஆனால் பாஸ்வேர்டு மாறும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், அந்தத் தலைவலி வேண்டாம். அந்தப் பகுதியைத் தனி ஃபைலில் வைக்க உதவும் கான்ஃபிக்சோர்ஸ் போடலாம் என்றால், அது மேல் ஃபோல்டரைக் காட்ட விடுவதில்லை. ஒரே ஃபைலை இரண்டு ப்ராஜெக்டிலும் லிங்க் செய்து வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெப் ப்ராஜெக்டில் அது பில்டின்போது வெப்.கான்ஃபிக் இருக்கும் இடத்தை விட்டு பின் (bin) ஃபோல்டருக்குள் போய்விடுமே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?