எங்கள் குடும்பக் குழுவில் நைஜீரியா

கயல் (இரவு 8.10): அனைவருக்கும் வணக்கம். பெரியப்பாவின் விதிப்படி முழு வாக்கியங்களில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் சட்டக் கல்லூரி விவாதத்தில், வேற்று நாட்டு ஊழலைக் கண்டிக்க எந்த அரசுக்கும் தகுதியில்லை என்ற அணியில் பேசுகிறேன். 2016 மே மாதத்தில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், நைஜீரியாவும் ஆப்கானிஸ்தானும் உலகிலேயே ஊழல் மிகுந்த நாடுகளாக இருக்கலாம் என்று அரசி எலிசபெத்திடம் சொன்னது கேமராவில் பதிவானதே, அதைத்தான் எடுத்திருக்கிறேன். இளங்கோ மாமா, நீங்கள் அப்போது லண்டனில்தானே இருந்தீர்கள்?

இளங்கோ மாமா (8.24): இருந்தேன். இரண்டு நாள் கழித்து அவரே கூட்டவிருந்த ஊழல் எதிர்ப்பு மாநாட்டுக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். அருகில் நின்ற கேன்டர்பரி பேராயர், இப்போதைய நைஜீரிய அதிபர் ஊழல்வாதி அல்லர் என்று உடனே குறுக்கிட்டார். அந்த அதிபர் புகாரி லண்டனுக்கு வந்து, மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, எங்கள் சொத்துகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்.

மீனா சித்தி (8.27): விருந்துக்கு அழைத்துவிட்டு, வருகிறவரைப் பற்றி வாசலிலேயே புறம் பேசியிருக்கிறார்.

கயல் (8.31): அதற்கு முந்தைய மாதம்தான் பனாமா ஆவணங்களில், அதாவது பனாமாவின் ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த கோப்புகளில், கேமரனுடைய தந்தையின் வெளிநாட்டு நிதியம் வெளிவந்தது. அதில் தமக்கும் பங்கு இருந்ததாகவும் அதை 2010-இல் விற்றுவிட்டதாகவும் அவரே ஒப்புக்கொண்டார். ஊசியைப் பார்த்துச் சல்லடை, உனக்கு ஓர் ஓட்டை இருக்கிறது என்று சொன்ன கதையாகத்தான் இதை முடிக்கப் போகிறேன்.

சுந்தரம் பெரியப்பா (8.52): கயல், தந்தையின் கதையை விட்டுவிடு. அது கைதட்டல் வாங்கும், ஆனால் எதிரணி அதை ஒரே வரியில் தட்டிவிடும். வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன் சொல்கிறேன், பணம் போன வழியைப் பார். 1993 முதல் 1998 வரை நைஜீரியாவை ஆண்ட ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா, நூற்றுக்கணக்கான கோடி டாலர்களை வெளிநாடுகளுக்குக் கடத்தினார். 2001-இல் பிரிட்டனின் நிதிச் சேவைக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்தபோது, அவருடைய குடும்பத்தினரோடும் கூட்டாளிகளோடும் தொடர்புடைய 130 கோடி டாலர், பிரிட்டனில் இயங்கிய 23 வங்கிகளின் வழியே போய்வந்தது தெரிந்தது. அவற்றில் 15 வங்கிகளின் கட்டுப்பாடுகள் மிகவும் பலவீனமாக இருந்தன என்று அறிக்கை எழுதிய அந்த அமைப்பு, ஒரு வங்கியின் பெயரையும் வெளியிடவில்லை. ஓய்வூதியக்காரர் வீடு மாறினால்கூட கே.ஒய்.சி. படிவம் கேட்ட எங்களுக்கு, ஓர் அதிபரின் குடும்பத்துப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காத வங்கியைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. திருடியவர் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் இருந்தார், பெட்டியைக் காத்துக் கொடுத்தவர் லண்டனில் இருந்தார்.

இளங்கோ மாமா (9.05): அத்தான், அந்தக் கணக்கில் ஜேம்ஸ் இபோரியையும் சேருங்கள். 1999 முதல் 2007 வரை நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். 2007-இல் நைஜீரியாவின் பொருளாதாரக் குற்றத் தடுப்பு ஆணையமே அவரைக் கைது செய்தது. ஆனால் அவருடைய சொந்த மாநிலத்தில் அமர்ந்த மத்திய உயர் நீதிமன்றம் 2009-இல் 170 குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. பிறகு துபாயில் பிடிபட்டு லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, 2012-இல் பணமோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதின்மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பிரிட்டனுக்குத் தகுதியில்லை என்று அன்று ஒதுங்கியிருந்தால் அவர் தப்பியிருப்பார்.

கயல் (9.09): மாமா, இது என் அணியின் தலையிலேயே கை வைக்கிறது.

சுந்தரம் பெரியப்பா (9.21): வைக்கட்டும். கறையில்லாதவர்தாம் பேச வேண்டும் என்று விதி வைத்தால், உலகில் ஓர் அரசும் வாய் திறக்க முடியாது. அந்த மௌனம் இபோரி போன்றவர்களுக்குத்தான் வசதி. ஆகவே கேமரன் பேசியது தவறில்லை. பேசிய பிறகு தம் கையில் இருந்த சாவியை என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீ கேட்க வேண்டும். பிரிட்டனில் சொத்து வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்று பதிவேட்டில் காட்ட வைப்போம் என அந்த மாநாட்டிலேயே அறிவித்தார்கள். அதற்கான சட்டம் 2022 மார்ச்சில்தான் நிறைவேறியது, அதுவும் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு. நைஜீரியர்கள் கேட்டபோது ஆறு ஆண்டுகள் கிடைக்காத நேரம், தங்கள் பகைவரின் பணம் என்றதும் சில வாரங்களில் கிடைத்துவிட்டது. இந்த இடத்தில் நீ எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசு.

மீனா சித்தி (9.26): எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்த இபோரியின் பணம் டெல்டா மக்களுக்குத் திரும்பியதா?

இளங்கோ மாமா (9.33): 2021-இல் 42 லட்சம் பவுண்டு நைஜீரிய மத்திய அரசிடம் கொடுக்கப்பட்டது, மீனா. லாகோஸ்–இபாதான் சாலை, அபுஜா–கானோ சாலை, நைஜர் ஆற்றின் இரண்டாவது பாலம் ஆகியவற்றுக்கு என்று ஒதுக்கினார்கள். பணம் திருடப்பட்டது எங்கள் கருவூலத்திலிருந்து, ஆகவே அது எங்களுக்கே வர வேண்டும் என்று டெல்டாவிலிருந்து பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஊழலைக் கண்டிக்கும் உரிமையைப் பற்றி இரு அரசுகள் வாதிடும்போது, பணத்துக்கு உரியவர் அறைக்கு வெளியே நிற்கிறார்.

கயல் (9.41): அப்படியானால் டெல்டாவிலிருந்தே தொடங்குகிறேன், கேமரன் இரண்டாவதாக வரட்டும். தந்தையின் நிதியத்தை நீக்கிவிட்டேன், பெரியப்பா. பேராயர் குறுக்கிட்ட வரியை மட்டும் நீக்க மனம் வரவில்லை.

சுந்தரம் பெரியப்பா (9.43): அதை வைத்துக்கொள். ஆனால் அணி மாற முடியுமா என்று நாளையே கேட்டுவிடு.